எல்லையோரத்தில் சமூக மருத்துவம் படிப்பது எப்படி: எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம். இந்தப் பக்கம் கோவை, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை. இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை இன்னும் எஸ்.பி.எம். (சோஷியல் அண்ட் பிரிவென்டிவ் மெடிசின்) என்பார்கள், கேரளத்தில் கம்யூனிட்டி மெடிசின். இரண்டு பக்கமும் சீனியர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "கடைசி ஒரு மாசம் உட்கார்ந்தா போதும்டா."

பாஸ் பண்ண அது போதும். ஆனால் இந்தப் பாடம் முழுக்க விகிதங்களால் ஆனது. ஒவ்வொரு விகிதத்துக்கும் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம். கீழே இருக்கும் டினாமினேட்டரை, அதாவது மொத்தம் யார் யாரைச் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை, ஊருக்குள் போனால்தான் பிடிக்க முடியும். நடுவில் மாநில எல்லை ஓடும் ஊரில் சிலர் இரண்டு பதிவேட்டில் இருப்பார்கள், சிலர் ஒன்றிலும் இருக்க மாட்டார்கள். இதைவிட நல்ல வகுப்பறை உங்களுக்குக் கிடைக்காது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: கணக்கில் விடுபட்டவர் யார்?

முதலில், பாடம் எங்கெங்கே வருகிறது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான கமிட்டி, மருத்துவ மாணவர்களுக்கு நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் 3 மாதப் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைக்கு நாம் கிராமத்துக்குப் பஸ் ஏறுவதன் வேர் அங்கே இருக்கிறது. 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே இந்தப் பாடம் தொடங்கிவிடும். இறுதித் தேர்வு மூன்றாம் கட்டத்தின் முதல் பகுதியில். எழுத்துத் தேர்வு இரண்டு தாள், 200 மதிப்பெண். செய்முறையும் வாய்மொழியும் 100.

புதிதாக வந்தது குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி ஒதுக்கும் கிராமத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள். முதல் ஆண்டில் தொடங்கி அவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும், லாக் புக்கில் எழுத வேண்டும். படிப்பு முடிந்ததும் வரும் 52 வாரக் கட்டாயப் பயிற்சியில் 12 வாரம் இந்தத் துறைக்கு. வேறு எந்தத் துறைக்கும் இவ்வளவு வாரங்கள் கிடையாது. அதை யாரும் கவனிப்பதில்லை, அது வேறு கதை.

படி 1: ஊருக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்

ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு. ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா, அதாவது ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர். இந்த எண்களை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

செய்து பாருங்கள். 5,000 பேர் உள்ள ஒரு பகுதி. பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70 பிறப்பு. கருச்சிதைவு போன்றவற்றுக்காக 10 சதவீதம் கூட்டினால் 77 கர்ப்பம். எந்த ஒரு நாளிலும் அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதாவது சுமார் 38 பேர். இப்போது நர்ஸ் அக்காவிடம் பதிவேட்டை வாங்கி எண்ணுங்கள். 24 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதி 14 பேர் எங்கே?

பதில் பல மாதிரி இருக்கும். சிலர் முதல் மாதத்திலிருந்தே கோவையில் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். சிலர் வளைகாப்பு முடிந்து பொள்ளாச்சிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடநாட்டுக் குடும்பங்கள் யார் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். ஒருவேளை உங்கள் 14 என்ற விகிதமே அந்த ஊருக்குப் பொருந்தாததாகவும் இருக்கலாம். இதில் எது காரணம் என்று தேடுவதுதான் படிப்பு. பதிவேடு தப்பு என்று நர்ஸிடம் போய் நிற்காதீர்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் அவர்.

பிறப்பு, இறப்புப் பதிவில் இன்னொரு சங்கதி. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். கொழிஞ்சாம்பாறைப் பெண் பொள்ளாச்சியில் பிள்ளை பெற்றால் அது தமிழ்நாட்டுப் பதிவு. ஆனால் சிசு மரண விகிதம் சொல்லும் மாதிரிப் பதிவுத் திட்டம், ஆட்கள் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டை வைத்து எண்ணுகிறது. அந்தத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் சிசு மரண விகிதம் (ஆயிரம் பிறப்புக்கு) கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, ஆந்திரத்தில் 24, இந்தியா முழுக்க 28. இந்த எண்களை வைத்துப் பட்டிமன்றம் நடத்தும் முன், எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பழகுங்கள். வாய்மொழித் தேர்விலும் அந்தக் கேள்வி வரும்.

படி 2: வீட்டுக்குள் போவது

தத்தெடுத்த குடும்பத்துக்கு முதல் தடவை போகும்போது ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டாம். போட்டால் உடனே முதுகு வலிக்கு மாத்திரை கேட்பார்கள். முதலாண்டு மாணவரிடம் அது இருக்காது. ஆஷா அக்காவோடு போங்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், மோர் கொடுத்தால் குடியுங்கள். அப்புறம் படிவத்தை எடுக்கலாம்.

படிவத்தைக் கேள்வி எண் வரிசையில் கேட்டால் வேலை நடக்காது. ஒரு வீட்டில் ஒரு மாணவி கேட்டாள்: "பாட்டி, வீட்டுல எத்தனை பேருங்க?"

"நாலு பேரு கண்ணு."

எழுதிக்கொண்டாள். பின்னால் கொடியில் சின்னச் சின்னத் துண்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. "அப்போ இது யாருதுங்க பாட்டி?"

"அது எம்மக பிள்ளையுது. அவளைப் பொள்ளாச்சியில குடுத்திருக்குது. பிரசவத்துக்கு வந்தவ, இங்க ஆளா எண்ணலாமாங்க?"

உள்ளே ஒன்றரை மாதக் குழந்தை. ஆறு வாரத் தடுப்பூசி போட வேண்டிய நாள் தாண்டியிருந்தது. பொள்ளாச்சிப் பதிவில் 'ஊரில் இல்லை'. இங்கே பட்டியலில் பெயரே ஏறவில்லை. இரண்டு மாநிலத்து நர்ஸ்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். குழந்தை மட்டும் நடுவில் விழுந்துவிட்டது. ஆகவே 'எத்தனை பேர்' என்ற கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: நேற்று ராத்திரி இந்த வீட்டில் படுத்தவர்கள் யார், இந்த வீட்டுக்காரர் ஆனால் வெளியே இருப்பவர் யார், ஆறு மாதத்துக்குள் வந்தவர், போனவர் யார். பரீட்சைக்கு வரும் குடும்ப ஆய்விலும் இதையே எழுதுங்கள், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

வருமானம் கேட்பது அடுத்த தலைவலி. கிராமத்துக்குப் பி.ஜி. பிரசாத் அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறோம். 1961இல் வந்தது, தலா மாத வருமானத்தை வைத்து ஐந்து வகுப்பு, விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப வரம்புகளை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் தென்னந்தோப்புக் கூலிக்கோ கள் இறக்குபவருக்கோ மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. சீசன் எப்போது, வாரத்தில் எத்தனை நாள் வேலை, நாள் கூலி என்ன என்று கேட்டு நீங்களே கூட்டுங்கள். கேரளத்தில் ரேஷன் கார்டின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் மிக ஏழை, பிங்க் முன்னுரிமைக் குடும்பம், நீலத்துக்கு மானியம் உண்டு, வெள்ளை பொதுப்பிரிவு. கார்டும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அதைக் குறித்து வையுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள்.

அங்கன்வாடிக்கும் போக வேண்டும். கையில் ஒரு மேல்கைச் சுற்றளவு நாடா இருந்தால் போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5 வரை மிதமானது. கேரள அங்கன்வாடியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு) பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் மாவு கிடைக்கும், நம் பக்கம் சத்துமாவு. ருசி பார்த்துவிட்டு வாருங்கள். பாக்கெட் வீட்டுக்குப் போன பிறகு யார் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும்.

படி 3: ஒரு கிணற்றையாவது உங்கள் கையால் குளோரினேட் செய்யுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் செய்முறைத் தேர்வில், பிளீச்சிங் பவுடர் எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்கும் ஹாரக்ஸ் கருவியை மேஜையில் வைத்துக் கேட்பார்கள். பாதிப் பேர் அதைக் கையில் தொட்டதே இல்லை.

முதலில் கிணற்றை அளங்கள். விட்டம் ஒரு தடவை அளந்தால் போதாது, கிணறு வட்டமாக இருக்காது; இரண்டு மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். தண்ணீரின் ஆழத்துக்குக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளக்கலாம். விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்றால்: 3.14 × 3 × 3 × 4 ÷ 4 = 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர்.

இப்போது ஹாரக்ஸ் பெட்டி. உள்ளே ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் பிடிக்கும் கரண்டி, ஸ்டார்ச் அயோடைடு கரைசல். ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைத் தலை தட்டி எடுத்துக் கறுப்புக் கிண்ணத்தில் போட்டுக் குழைத்து, உள்ளே இருக்கும் கோடு வரை தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். வெள்ளைக் கிண்ணங்கள் ஆறிலும் கிணற்றுத் தண்ணீர். தெளிந்த குளோரின் நீரை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு, இப்படியே ஆறு வரை. கலக்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லாரும் திருடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீல நிறம் வருகிறதோ, அத்தனை கரண்டி பவுடர் 455 லிட்டருக்கு வேண்டும்.

இரண்டாவது கிண்ணம் என்றால் 455 லிட்டருக்கு 4 கிராம். நம் கிணற்றுக்கு 28,260 ÷ 455 × 4, ஏறக்குறைய 248 கிராம். புத்தகத்தில் இருக்கும் தோராயக் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், அதன்படி சுமார் 70 கிராம்தான் வரும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தோராயக் கணக்கு நல்ல தண்ணீருக்கானது. கிணற்றில் தழையும் சேறும் இருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. அதனால்தான் கிணற்றைக் கேட்காமல் கிணற்றுக்கு மருந்து போடக் கூடாது.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். 248 கிராமுக்கு மூன்று வாளி ஆகும். தண்ணீர் விட்டுக் குழைத்துக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். அடியில் தங்கியதைக் கிணற்றில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். ஒரு மணி நேரம் கழித்து ஆர்த்தோடோலிடின் சோதனையில் மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்க வேண்டும். சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்கும் சௌகரியம்.

கடினத்தன்மை என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பிளாச்சிமடை ஞாபகம் வரும். சித்தூர் வட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000இல் ஒரு குளிர்பான ஆலை தொடங்கி 2004இல் உற்பத்தியை நிறுத்தியது. 2002இல் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முக்கியமானவர். எந்த ஆய்வகத்துக்கும் முன்னால் அந்தப் பெண்கள்தான் சொன்னார்கள்: கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோறு கெட்டுப்போகிறது. நோய்க் கண்காணிப்பு என்று நாம் படிப்பதன் முதல் வரி சமையலறையில் எழுதப்பட்டது. வீட்டுக்குப் போனால் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது?

சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த இடம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உண்டு. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி., வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பற்களைப் பாருங்கள். கறை உள்ள பிள்ளையிடம் பல் துலக்கும் பாடம் நடத்தாமல், எந்தப் போர்த் தண்ணீர் குடிக்கிறது என்று கேளுங்கள். குளோரின் இதற்கு உதவாது, கொதிக்கவைத்தாலும் போகாது.

படி 4: கொசுவும் அதன் மூன்று கணக்கும்

இது சுலபம். 50 வீடு பாருங்கள். 8 வீட்டில் ஏடிஸ் (டெங்கு பரப்பும் கொசு) புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 16. மொத்தம் 140 பாத்திரம் பார்த்து 11இல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு ஏறக்குறைய 8. நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம் என்பது பிரெட்டோ குறியீடு, இங்கே 22. கேரளத்தின் ரப்பர் காடுகளில் பால் வடியும் சிரட்டைகளில் மழைநீர் நின்று கொசு வரும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலைமை தலைகீழ்: தண்ணீர் பஞ்சத்தால் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைக்கிறார்கள், அதில் வரும். மழை இல்லாத மாதத்தில் டெங்கு வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். "தொட்டியைக் கவிழ்த்துக் காய வையுங்க" என்று சொல்வதற்கு முன், அந்த வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை குழாய் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: புதன்கிழமைகள்

இரண்டு மாநிலத்திலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். போஸ்டிங்கில் ஒரு புதன்கூடத் தவறவிடாதீர்கள். காலையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆரின் வெப்பமானியைப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குப்பியின் மேல் உள்ள, சூடு பட்டதைக் காட்டும் வி.வி.எம். அடையாளத்தைப் பாருங்கள், உள்ளே இருக்கும் சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம், நிறம் ஒன்றாகிவிட்டாலோ கறுத்தாலோ தூக்கிப் போட வேண்டும். இதெல்லாம் படத்தில் பார்த்ததை நேரில் பார்ப்பது, அவ்வளவுதான்.

எல்லையோரத்துக்கே உரிய வேலை என்ன என்றால், மற்ற மாநிலத்து அட்டையோடு வரும் தாய். கேரள அட்டை மலையாளத்தில் இருக்கும், ஆனால் தேதிகளையும் தடுப்பூசிப் பெயர்களின் சுருக்கத்தையும் யாரும் படித்துவிடலாம். 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலண்டும் ரோட்டாவும் போலியோ சொட்டும், 9 மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா முதல் ஊசி என்று அட்டவணை நாட்டுக்கே பொதுவானது. அட்டை தொலைந்தது என்பதற்காகவோ வேறு மாநிலம் என்பதற்காகவோ குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதைக் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். கேரளத்தில் கட்டிக்கொடுத்த பெண் ஒன்பதாம் மாதம் தாய் வீட்டுக்கு வந்து பிரசவ அறையில் நிற்கும்போது இந்தப் பேச்சு எழுந்தால் எல்லாருக்கும் சிரமம். வளைகாப்புக்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். தத்தெடுத்த குடும்பத்தில் ஒரு மாணவர் செய்யக்கூடிய உருப்படியான உதவிகளில் இது ஒன்று.

நாய்க்கடிக்கும் இதே கதை. தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில், ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் 0.1 மி.லி. முதல் ஊசி பாலக்காட்டில் போட்டவர் மூன்றாவது ஊசிக்குப் பொள்ளாச்சியில் இருப்பார். சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்புங்கள். காசநோயாளி என்றால் இவ்வளவு சிரமம் இல்லை. தேசியக் காசநோய்ப் பதிவான நிக்ஷய் எண் எந்த மாநிலத்திலும் செல்லும், மாற்றி அனுப்பலாம். மாற்றி அனுப்பிய பிறகு ஆள் உண்மையாகவே அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன் போடுவதுதான் விட்டுப்போகும்.

படி 6: புள்ளியியலுக்குப் பயப்படாமல் இருக்க

உணர்திறன் (நோய் உள்ளவரைச் சோதனை பிடிக்கும் அளவு), குறிப்புத்திறன் (இல்லாதவரை இல்லை என்று சொல்லும் அளவு) என்று பெட்டி போட்டு மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். அட்டப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். அங்கே அரிவாள் அணு ரத்தசோகை உண்டு. 2023 ஜூலை 1 அன்று அரிவாள் அணு நோய் ஒழிப்புக்கான தேசியத் திட்டமும் தொடங்கியது. ஒரு சோதனை இருக்கிறது, உணர்திறன் 90 சதவீதம், குறிப்புத்திறன் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை எண்கள்தான்.

நூற்றுக்கு 20 பேருக்கு அந்தக் குறை இருக்கும் ஊரில் 1,000 பேரைச் சோதித்தால், குறை உள்ள 200 பேரில் 180 பேர் பாசிட்டிவ். இல்லாத 800 பேரில் 40 பேர் தப்பாகப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த 220 பேரில் 180 பேருக்கு, அதாவது 82 சதவீதம் பேருக்கு, உண்மையாகவே இருக்கிறது. அதே கிட்டை நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் உள்ள சமவெளி ஊருக்குக் கொண்டுபோனால், உண்மையான பாசிட்டிவ் 9, தப்பானது ஏறக்குறைய 50. பாசிட்டிவ் என்று சொன்னவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் இருக்கும். கிட் மாறவில்லை, ஊர்தான் மாறியது. இந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பரில் போட்டால் ஆயுசுக்கும் மறக்காது. கிளினிக்கில் உட்கார்ந்து தேவையில்லாத சோதனை எழுதும்போது கையும் கொஞ்சம் தயங்கும்.

படி 7: நோய் பரவும்போது

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா கண்டுபிடிக்கப்பட்டது எப்படி? ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்த சில நாட்களில் இன்னொருவர் அதே மாதிரி மூளைக்காய்ச்சலோடு வந்தபோது, மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கேட்ட கேள்வி எளிமையானது: வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் 'குறிப்பிடத்தக்கது ஏதும் இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அதை விடுங்கள்.

தகவல் மேலே போகும் பாதையைக் கற்றுக்கொள்ளுங்கள். களப்பணியாளர் அறிகுறியை வைத்து எழுதுவது எஸ் படிவம், மருத்துவர் சந்தேகத்தின் பேரில் எழுதுவது பி, ஆய்வகம் உறுதி செய்வது எல். 2004இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம் 2021இலிருந்து இணையத் தளத்தில் ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை யார் பதிவேற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்து ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். வாளையாறுக்கு அந்தப் பக்கம் பத்து வயிற்றுப்போக்கு, இந்தப் பக்கம் எட்டு என்றால் இரண்டும் தனித்தனி மாவட்டத்தில் சின்ன எண்ணாகவே தெரியும். ஒரே கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் என்று யாராவது கேட்டால்தான் 18 என்று சேரும்.

யார் கதவைத் தட்டுவது

போஸ்டிங்கில் நேரம் வீணாவது இதில்தான். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறையும் தனி அதிகாரி வரிசையும் உண்டு. காரியம் நடக்க வட்டார மருத்துவ அலுவலரையும் சுகாதார ஆய்வாளரையும் பாருங்கள். கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. ஊரில் பத்துக் கிணற்றைக் குளோரினேட் செய்ய வேண்டுமென்றால் வார்டு மெம்பரையும் குடும்பஸ்ரீ அக்காக்களையும் முதலில் பிடியுங்கள். மெம்பரிடம் சொல்லாமல் ஒரு முகாம் போட்டால் ஐந்து பேர் வருவார்கள், சொல்லிவிட்டுப் போட்டால் பந்தல் போதாது.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1939ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம், அன்றைக்கு மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுக்கும் பொருந்தியது. சித்தூரோ கொச்சி சமஸ்தானத்துத் துண்டு. அதற்கு 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். 2023இல் கேரளம் தனக்கென ஒரே சட்டம் கொண்டுவரும் வரை ஒரே மாவட்டத்தில் இரண்டு சட்டம்.

தேர்வு

நீட்டி எழுத ஒன்றுமில்லை. தேசியத் திட்டங்களை ஒரே அட்டவணையில் நோய், இலக்கு, யார் செய்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று நாலு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் அடையாளம் காணும் மேஜைக்கு அருங்காட்சியகத்தில் ஒரு நாள். கணக்குகளுக்குப் பழைய வினாத்தாள். குடும்ப ஆய்வுக்கு நீங்கள் உண்மையாகவே போன குடும்பம், சீனியரின் லாக் புக்கைக் காப்பி அடித்தால், "அந்த வீட்டு அடுப்பு எந்தப் பக்கம்?" என்ற ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

12 வாரப் பயிற்சி

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் இந்த 12 வாரத்தைப் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த விடுமுறையாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, போட்டி அப்படி. ஆனால் காலை ஓ.பி. முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு மதியம் மட்டும் களத்துக்குக் கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க இந்த மாதம் வராதவர்கள் பட்டியலை எடுங்கள். தமிழ்நாட்டில் 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களில் இதற்கெனத் தனி கிளினிக் நாட்கள் உண்டு. பட்டியலில் இருக்கும் ஐந்து பேரின் வீட்டைத் தேடிப் போங்கள். ஒருவர் மகன் வீட்டுக்குக் கோவை போயிருப்பார், ஒருவர் நாட்டு மருந்துக்கு மாறியிருப்பார், ஒருவர் இறந்திருப்பார், பட்டியலில் மட்டும் உயிரோடு இருப்பார். மாத்திரை தீர்ந்துபோய் பஸ் காசு இல்லாமல் உட்கார்ந்திருப்பவரும் அதில் ஒருவராக இருக்கலாம்.

இந்தத் துறையிலேயே மேலே போக நினைத்தால் எம்.டி. மூன்று வருடம். எம்.பி.எச். (பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை) படிக்கத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. தொற்றுநோயியலில் களப்பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு வேலை பாக்கி. உங்கள் பகுதியில் அடுத்த இரண்டு மாதத்தில் தடுப்பூசி வரவேண்டிய குழந்தைகள், பிரசவத் தேதி உள்ளவர்கள், ஊர் மாறிப் போகப் போகிறவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். போகிற ஊரையும் போன் நம்பரையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு பிரதி நர்ஸ் அக்காவிடம், இன்னொன்று அடுத்து வரும் ஹவுஸ் சர்ஜனிடம். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். நோயாளி விவரம் அது.